நவம்பர் 11: ஒரே தேதியில் எத்தனை நாள்கள்?

நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "காலை வழிபாட்டுக் கூட்டத்தில் 'இன்று என்ன நாள்' என்று இரண்டு நிமிடம் சொல்வது என் பொறுப்பு. நவம்பர் 11 பற்றித் தேடினால் தேசியக் கல்வி நாள், உலகப்போர் நினைவு நாள், சிங்கிள்ஸ் டே, சாக்லேட் குச்சி தினம், ஐஸ்கிரீம் தினம் என்று வந்துகொண்டே இருக்கிறது. இதில் எது நிஜம்? இவற்றை யார் முடிவு செய்கிறார்கள்? ஏன் ஒரே தேதியில் இப்படிக் குவிகின்றன?"

டீச்சர், நல்ல தேதியாகப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறீர்கள். சிறுவர் மாத இதழ் ஒன்றில் பல ஆண்டுகள் 'இந்த நாள்' பத்தி எழுதியவன் நான். வருடத்தின் 365 நாள்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த நவம்பர் 11தான். ஒரு தேதி எப்படியெல்லாம் 'நாள்' ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

முதலில் உங்கள் கேள்விக்கு நேரான பதில். உலகத்துக்கெல்லாம் சேர்த்து நாள் ஒதுக்கித் தரும் அலுவலகம் என்று எங்கும் எதுவும் இல்லை. அரசாங்கம் அறிவிக்கலாம், ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போடலாம், பிஸ்கட் கம்பெனி விளம்பரம் செய்யலாம், கல்லூரி விடுதியில் நாலு பேர் விளையாட்டாகத் தொடங்கலாம். நீங்கள் பார்த்த பட்டியலில் எதுவும் பொய் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. எடை போட மூன்று கேள்விகள் போதும்: யார் அறிவித்தது, எப்போது, ஏன் இந்தத் தேதி?

இந்த மூன்றையும் நவம்பர் 11-ல் வைத்துப் பார்ப்போம்.

நம் நாட்டில் இது தேசியக் கல்வி நாள். அறிவித்தது மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம், 2008 செப்டம்பரில். விடுமுறை விடாமல் கொண்டாட வேண்டும் என்று அறிவிப்பிலேயே இருந்தது. தேதிக்குக் காரணம் மௌலானா அபுல் கலாம் ஆசாத். 1888 நவம்பர் 11-ல் மெக்காவில் பிறந்து, கல்கத்தாவில் வளர்ந்தவர். சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர்; 1947 முதல் 1958-ல் இறக்கும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். கரக்பூரில் முதல் ஐ.ஐ.டி. வந்ததும், பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கியதும், சாகித்ய அகாதமி பிறந்ததும் அவர் காலத்தில்தான். பிள்ளைகளிடம் சொல்ல ஒரு செய்தி: ஆசாத் பள்ளிக்கூடம் போனதே இல்லை. வீட்டிலேயே தந்தையிடமும் ஆசிரியர்களிடமும் படித்தவர். நாட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களை அவரிடம்தான் ஒப்படைத்தார் நேரு. இதைச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கண்கள் விரியக் கேட்பார்கள்; நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு குழப்பமும் வரும். ஜூலை 15, காமராஜர் பிறந்தநாள், நமக்குக் கல்வி வளர்ச்சி நாள். அது தமிழ்நாடு அரசு 2006-ல் சட்டம் இயற்றிக் கொண்டுவந்தது. ஜனவரி 24 சர்வதேசக் கல்வி நாள். அது 2018 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. நவம்பர் 11 தேசிய நாள். மாநிலத்துக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று, உலகத்துக்கு ஒன்று. சுற்றி வரும் குறிப்புகளில் மூன்றையும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். அறிவித்தது யார் என்று கேட்டாலே குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது போர். இதில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதல் உலகப்போர் 1918-ல் பதினோராவது மாதம், பதினோராம் தேதி, பதினோரு மணிக்கு நின்றது. யாரோ அழகுக்காகப் பொருத்தி வைத்த எண்கள் போலத் தெரியும். காரணம் வேறு. வட பிரான்சின் கோம்பியேன் காட்டில் நின்றிருந்த ஒரு ரயில் பெட்டிக்கு, நவம்பர் 8 காலையில் ஜெர்மன் தூதுக்குழு வந்தது. நேச நாட்டுப் படைகளின் தளபதி ஃபோஷ் நிபந்தனைகளைக் கொடுத்து, 72 மணி நேரம் கெடு வைத்தார். அந்தக் கெடு முடிவது 11-ம் தேதி காலை 11 மணிக்கு. ஜெர்மானியர்கள் அன்று விடியற்காலை ஐந்து மணி தாண்டிக் கையெழுத்துப் போட்டார்கள். அமலுக்கு வந்தது 11 மணிக்கு.

நடுவில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் இருக்கிறது. போர் முடியப்போகிறது என்று தெரிந்த பிறகும் அந்த ஒரு நாளில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் செத்தார்கள். ஒகுஸ்தான் த்ரெபுஷோன் என்ற பிரெஞ்சு வீரர், பதினொன்றரை மணிக்கு எல்லோரும் சாப்பாட்டுக்குக் கூட வேண்டும் என்ற தகவலைக் கொண்டுபோகும்போது சுடப்பட்டார். போர் நிற்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அவர் கல்லறையில் இறந்த தேதி நவம்பர் 10 என்று பொறித்திருக்கிறார்கள். ஹென்றி கந்தர் என்ற அமெரிக்க வீரர் 10.59-க்கு விழுந்தார். இதைப் படித்த பிறகு '11-11-11' என்பதை வெறும் எண் அதிசயமாக என்னால் எழுத முடிந்ததில்லை.

அடுத்த வருடம், 1919-ல், முதல் நினைவு நாளில் இரண்டு நிமிடம் மௌனமாக இருக்கும்படி மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கேட்டுக்கொண்டார். யோசனை தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. கேப் டவுனில் போர்க்காலத்திலேயே தினமும் நண்பகலில் ஊரே அசையாமல் நிற்கும் வழக்கம் இருந்தது. பெர்சி ஃபிட்ஸ்பேட்ரிக் என்பவர் அதை லண்டனுக்கு எழுதி அனுப்பினார். இது உங்கள் மாணவர்களுக்கு அந்நியமான விஷயம் இல்லை. ஜனவரி 30, காந்தி நினைவு நாளில், காலை 10.59-க்குச் சங்கு ஊதி, 11 மணிக்கு இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கிறோமே, அதே 11 மணி, அதே இரண்டு நிமிடம்தான்.

அந்தப் போரில் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து போனார்கள். ஏறத்தாழ 74,000 பேர் திரும்பவில்லை. டெல்லியின் இந்தியா கேட் அவர்களுக்காகத்தான் முதலில் எழுப்பப்பட்டது. நம் பக்கத்துப் புதுச்சேரியில், கடற்கரைச் சாலையில் ஒரு பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. பிரெஞ்சு இந்தியாவிலிருந்து போய் அந்தப் போரில் இறந்தவர்களுக்கானது. நவம்பர் 11 அன்று அங்கே மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள். அந்தப் பக்கம் சுற்றுலா கூட்டிப்போகும் ஆசிரியர்கள், பிள்ளைகளைக் கடலைப் பார்க்க ஓடவிடும் முன் இரண்டு நிமிடம் அங்கே நிறுத்திச் சொல்லலாம்.

இலங்கைக் கதை இன்னும் சுவையானது. பிரிட்டிஷ்காரர்கள் இந்த நாளில் சிவப்புப் பாப்பி பூ விற்று, முன்னாள் படைவீரர்களுக்குப் பணம் திரட்டுவார்கள். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் போர்க்களத்தில் கல்லறைகளுக்கு நடுவே பூத்திருந்த பூ அது; ஜான் மெக்ரே என்ற கனடிய ராணுவ மருத்துவர் 1915-ல் எழுதிய கவிதையால் புகழ் பெற்றது. காலனி நாடான இலங்கையிலும் பாப்பி விற்றார்கள். ஆனால் திரண்ட பணத்தில் பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போனது. போருக்குப் போய் வந்த உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். 1931-ல் ஏலியன் பெரேரா என்ற முன்னாள் படைவீரர், அதே நவம்பர் 11-ல், பாப்பிக்குப் போட்டியாகச் சூரியமல் விற்கத் தொடங்கினார். சூரியமல் என்பது வேறு எதுவும் இல்லை, நம் பூவரசம்பூதான்! 1933-ல் தென் கொழும்பு இளைஞர் கழகத்துக்காரர்கள் இதை ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாகவே மாற்றினார்கள். இந்த இயக்கத்தில் நின்றவர்கள் 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது கிராமம் கிராமமாகப் போய் மருந்தும் உணவும் கொடுத்தார்கள். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உருவானபோது அவர்களில் பலர் அதில் இருந்தார்கள். இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதும் அந்த மரத்தின் மஞ்சள் பூ, ஒரு தேதியின் அர்த்தத்தையே மாற்றிக் காட்டியிருக்கிறது. ஒரே நாளில் இரண்டு நாள்கள் மோதிக்கொண்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அமெரிக்காவில் இதே நாள் வேறு வழியில் மாறியது. அங்கே 1938 முதல் போர் நிறுத்த நாள் சட்டபூர்வ விடுமுறை. பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது, கொரியப் போர் வந்தது. முதல் போருக்கு மட்டும் ஒரு நாள் என்பது பொருந்தாமல் போயிற்று. கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியா ஊரில் செருப்புத் தைக்கும் கடை வைத்திருந்த ஆல்வின் கிங், எல்லாப் போர் வீரர்களுக்கும் சேர்த்து இந்த நாளைக் கொண்டாட வேண்டும் என்று ஊரைத் திரட்டினார். அவர் தொகுதி உறுப்பினர் அதை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோக, 1954-ல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்டு, 'முன்னாள் படைவீரர் நாள்' என்று பெயரே மாறியது. அப்புறம் 1968-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: விடுமுறைகள் திங்கள்கிழமை வந்தால் மக்களுக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கும் என்று, இதை அக்டோபர் நான்காம் திங்களுக்கு மாற்றினார்கள். 1971-ல் அமலுக்கு வந்தது. மக்களுக்குப் பிடிக்கவில்லை. பல மாநிலங்கள் பழைய தேதியை விடவே இல்லை. கடைசியில் 1978-ல் நவம்பர் 11-க்கே திரும்பி வந்தது. சட்டம் போட்டு ஒரு நாளை நகர்த்திவிடலாம், மனசிலிருந்து நகர்த்துவது அவ்வளவு எளிதில்லை.

போலந்துக்கு இது சுதந்திர நாள். 123 ஆண்டுகள் வரைபடத்திலேயே இல்லாமல் இருந்த நாடு, 1918-ல் போர் முடிந்த அதே நாளில் மீண்டும் பிறந்ததாகக் கணக்கு. அங்கோலாவுக்கும் சுதந்திர நாள்தான், ஆனால் அது 1975-ல் போர்ச்சுகலிடமிருந்து.

போருக்கெல்லாம் முன்பே இந்தத் தேதிக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். புனித மார்ட்டின். ரோமானியப் படைவீரராக இருந்தபோது, குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தவர் என்பது கதை. 397 நவம்பர் 11-ல் பிரான்சின் தூர் நகரில் அவரை அடக்கம் செய்தார்கள். ஜெர்மனியில் இன்றும் பிள்ளைகள் அன்று மாலை காகித விளக்குகளை ஏந்திப் பாட்டுப் பாடி ஊர்வலம் போவார்கள். பழைய காலத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பு இந்த நாளுக்குப் பிறகுதான் தொடங்கும். நோன்புக்கு முன் வயிறார உண்டு கூத்தடிப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதானே! அந்த வழக்கத்தின் நிழல்தான் கொலோன் நகரத்தில் 11-ம் தேதி 11 மணி 11 நிமிடத்துக்குத் தொடங்கும் கார்னிவல் பருவம். அங்கே பதினொன்று கோமாளிகளின் எண். கொலோனில் வேடமிட்ட கூட்டம் பாடத் தொடங்கி முக்கால் மணி நேரம் கழித்து, லண்டனில் ஊரே மௌனமாக நிற்கிறது. இரண்டும் ஒரே காலைப்பொழுதில்.

சரி, இப்போது நீங்கள் கேட்ட சாக்லேட் குச்சிக்கு வருவோம். இங்கே தேதியின் காரணமே மாறிவிடுகிறது. இதுவரை பார்த்தவற்றில், அன்று ஏதோ நடந்தது, அதனால் அது நாளானது. கிழக்கு ஆசியாவில் 11-11 என்று எழுதினால் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதே காரணம்.

சீனாவில் திருமணமாகாத ஆணை 'மொட்டைக் கம்பு' என்பார்கள். நாம் கட்டைப் பிரம்மச்சாரி என்கிறோம் பாருங்கள், கிட்டத்தட்ட அதே எண்ணம்! 1 என்ற எண் கிளையோ இலையோ இல்லாத கம்பு மாதிரி. நான்கு கம்பு சேர்ந்தால் 11-11. அதுதான் நீங்கள் பார்த்த சிங்கிள்ஸ் டே. 1993 வாக்கில் நாஞ்சிங் பல்கலைக்கழக விடுதி அறை ஒன்றில் மாணவர்கள் தொடங்கி வைத்த கேலி என்று சொல்வார்கள். 2009-ல் அலிபாபா நிறுவனம் அன்றைக்குத் தள்ளுபடி விற்பனை வைத்தது. முதல் வருடம் கலந்துகொண்டவை 27 பிராண்டுகள், விற்பனை ஐந்து கோடி யுவான் அளவில். 2021-ல் அது 54,000 கோடி யுவானைத் தாண்டியது. 'இரட்டைப் பதினொன்று' என்ற பெயரையே அந்த நிறுவனம் வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டது. விடுதியில் தனிமையைப் பகிர்ந்துகொள்ளப் பிறந்த நாளில் இன்று பேசப்படுவது பார்சல் கணக்குதான். இதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஜப்பானில் நான்கு ஒன்றுகள் நான்கு சாக்லேட் குச்சிகள். எசாக்கி கிளிக்கோ நிறுவனத்தின் பாக்கி என்ற அந்தத் தின்பண்டம் 1966-ல் வந்தது. பாக்கி நாளைத் தொடங்க 1999-ஐ அந்தக் கம்பெனி கவனமாகத் தேர்ந்தெடுத்தது. ஏனென்றால் ஜப்பானியப் பேரரசர் ஆண்டுக் கணக்கில் அது ஹெய்சேய் 11-ம் வருடம். 11-11-11! அந்த நாட்டில் இதற்கென்றே நினைவு நாள் சங்கம் ஒன்று 1991 முதல் இருக்கிறது. கட்டணம் கட்டி விண்ணப்பித்தால், பரிசீலித்துப் பதிவு செய்து சான்றிதழ் தரும். அதனால் அங்கே நவம்பர் 11-ல் நிற்க இடமில்லாத கூட்டம். முளைகட்டிய பயறுக்கு ஒரு நாள், நான்கு முளைகள் நிற்பதுபோல இருப்பதால். காலுறைக்கு ஒரு நாள், ஜோடி ஜோடியாக இருப்பதால். அணிக்குப் பதினொரு பேர் மோதுவதால் கால்பந்துக்கும். காகிதம் மடிக்கும் ஓரிகாமிக் கலைக்கும் உண்டு, நான்கு ஒன்றுகள் சேர்ந்தால் சதுரக் காகிதத்தின் நான்கு பக்கங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பேட்டரி நாள். சீன எழுத்தில் பத்து என்பது கூட்டல் குறி மாதிரி இருக்கும். ஒன்று என்பது படுக்கைக் கோடு. பத்தும் ஒன்றும் பக்கத்தில் எழுதினால் பதினொன்று. நாம் பார்க்கும்போது பிளஸ், மைனஸ்! பேட்டரியின் இரண்டு முனைகள். அறிவியல் ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதிக் காட்டினாலே போதும், பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

தென்கொரியாவுக்கு வந்தால் இதே இரண்டு சீன எழுத்துகள் இன்னொரு வேலை செய்கின்றன. கூட்டல் குறிக்கு அடியில் படுக்கைக் கோட்டைச் சேர்த்தால் 'மண்' என்ற எழுத்து வந்துவிடும். பதினோராம் மாதம் ஒரு மண், பதினோராம் தேதி இன்னொரு மண். மண்ணில் பிறந்து மண்ணுக்குப் போகும் உழவர்களின் நாளாக 1996-ல் கொரிய அரசு இதை அறிவித்தது. ஜப்பானில் சால்மன் மீனுக்கும் இதே நாள்தான். அந்த மீனின் எழுத்தில் மீன் பக்கத்தில் இரண்டு மண் அடுக்கி வைத்திருக்கும்.

ஆனால் கொரிய இளைஞர்கள் அன்று உழவர்களை நினைக்கவில்லை. லோட்டே நிறுவனம் 1983-ல் கொண்டுவந்த பெப்பெரோ என்ற சாக்லேட் குச்சியைப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அந்நாட்டின் தெற்குப் பகுதியில் பள்ளி மாணவிகள், 'நீயும் இந்தக் குச்சி மாதிரி உயரமாக, ஒல்லியாக வளர வேண்டும்' என்று ஒருவருக்கொருவர் கொடுத்ததில் தொடங்கியது என்பார்கள். 1990-களின் பிற்பகுதியில் கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டு நாடு முழுக்கப் பரப்பியது. உழவர் நாளுக்கு வந்த கதியைப் பார்த்து, வேளாண் அமைச்சகம் 2006 முதல் ஒரு மாற்று வழி செய்தது. அரிசி மாவில் செய்யும் நீளமான வெள்ளைக் கொழுக்கட்டை ஒன்று அங்கே உண்டு, கரேத்தொக் என்று பெயர். அதுவும் குச்சி வடிவம்தான். 'சாக்லேட் குச்சிக்குப் பதில் இதைக் கொடுங்கள், நம் நெல் விற்கும்' என்று கரேத்தொக் நாளை அதே தேதியில் கொண்டாடச் சொன்னார்கள். இலங்கையில் பாப்பிக்கு எதிரே பூவரசம்பூ நின்ற மாதிரி, இங்கே சாக்லேட்டுக்கு எதிரே அரிசி.

இனி ஐஸ்கிரீம். அமெரிக்கப் பட்டியல்களில் நவம்பர் 11 'தேசிய சண்டே தினம்' என்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இல்லை, ஐஸ்கிரீம் மேல் சாக்லேட் குழம்பு ஊற்றிச் செர்ரி வைத்துத் தருகிறார்களே, அந்தச் சண்டே. 'தேசிய' என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். நம் ஊரில் தேசிய நாள் என்றால் பெரும்பாலும் ஓர் அரசாணை இருக்கும். அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் அந்தச் சொல்லை முன்னால் போட்டுக்கொள்ளலாம். அரசே அறிவித்த வேடிக்கை நாள்களும் உண்டு: நாடாளுமன்றத் தீர்மானத்தின் பேரில் 1984-ல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட தேசிய ஐஸ்கிரீம் நாள் அப்படிப்பட்டது. அந்த வருடம் அது வந்த தேதி ஜூலை 15, நம் காமராஜர் பிறந்தநாள்! சண்டே தினத்துக்கு அப்படி ஒரு பிரகடனம் கிடையாது.

ஒரு காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இத்தகைய தீர்மானங்கள் மலைபோலக் குவிந்தன. 1995-ல் கீழவை, நினைவு நாள் மசோதாக்களை இனிமேல் எடுப்பதில்லை என்று விதியே போட்டுவிட்டது. அரசு கதவைச் சாத்தியதும் மற்றவர்கள் திறந்தார்கள். மிச்சிகனின் சேஸ் சகோதரர்கள் 1957-ன் இறுதியில் தொடங்கிய ஆண்டு நாள்தொகுப்பு ஏற்கெனவே இருந்தது. ஆயிரக்கணக்கான நாள்களைத் தாங்கி அது பருத்தது. 2013-ல் வடக்கு டகோட்டாவின் மேண்டன் ஊரிலிருந்து ஒருவர் தொடங்கிய தேசிய நாள்காட்டி, இணையம் முழுக்கப் பரவியது. பென்சில்வேனியாவில் ஒரு தம்பதி மட்டுமே ஏறத்தாழ 80 நாள்களை உருவாக்கியிருக்கிறார்கள். இவற்றை வேடிக்கையாகக் கொண்டாடுவதில் தப்பே இல்லை. பள்ளி மேடையில் 'இன்று அமெரிக்காவின் தேசிய நாள்' என்று சொல்லும்போது மட்டும் பிள்ளைகள் அதை நம் குடியரசு நாள் மாதிரி நினைத்துக்கொள்வார்கள். அதனால் 'அங்கே சிலர் இப்படிக் கொண்டாடுகிறார்கள்' என்று சொல்லுங்கள்.

ஐ.நா.வின் பெயரைப் பார்த்தாலும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஐ.நா. நாள் என்றால் ஏதோ ஓர் உறுப்பு நாடு முன்மொழிந்து, பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றியிருக்கும். அல்லது யுனெஸ்கோ போன்ற அமைப்பு அறிவித்திருக்கும். சிங்கப்பூர் முன்மொழிந்து 2013-ல் வந்த உலகக் கழிப்பறை நாள், இந்தியா முன்மொழிந்து 2014-ல் வந்த யோகா நாள் எல்லாம் அப்படித்தான். அங்கேயும் தேதிகள் குவியும். மார்ச் 21-ஐப் பாருங்கள்: 1960-ல் தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்ததன் நினைவாக இனப்பாகுபாடு ஒழிப்பு நாள். கூடவே கவிதை நாள், காடுகள் நாள், பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ். டவுன் சிண்ட்ரோம் நாளும் அன்றுதான். 21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதால் வரும் நிலை என்பதால் மூன்றாம் மாதம் 21-ம் தேதி. காரணம் தெரிந்துவிட்டால் தேதி மறக்கவே மறக்காது.

ஆனால் அக்டோபர் 15-ல் கவனம் தேவை. 'அப்துல் கலாம் பிறந்தநாளை உலக மாணவர் நாளாக ஐ.நா. அறிவித்தது' என்று எங்கும் எழுதியிருக்கும். நானும் நம்பி ஒருமுறை அப்படியே எழுதி, அடுத்த இதழில் திருத்தம் போட்டேன். ஐ.நா.வின் சர்வதேச நாள்கள் பட்டியலில் அது இல்லை. அன்று அங்கே இருப்பது, 2007-ல் தீர்மானம் போட்டு வந்த கிராமப்புறப் பெண்கள் நாள். கலாமுக்கு அதனால் குறைவு ஒன்றும் இல்லை. தமிழ்நாடு அரசு 2015-ல் அதே தேதியை இளைஞர் எழுச்சி நாளாக முறைப்படி அறிவித்திருக்கிறதே, அதைச் சொல்லலாம். வயல்வேலை செய்யும் அம்மாக்களின் பிள்ளைகள் நிறைந்த பள்ளி என்றால், கிராமப்புறப் பெண்கள் நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். தங்கள் அம்மாவுக்கும் ஐ.நா.வில் ஒரு நாள் இருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 11-க்கு உங்கள் இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். ஆசாத் முதலில், அது நம் நாட்டின் அறிவிப்பு. பிறகு போர் நின்ற கதை. கடைசியாகச் சிரிப்பதற்கு ஒன்று. சிங்கிள்ஸ் டேயைச் சின்னப் பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம். இப்படிச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்:

"இன்று தேசியக் கல்வி நாள். நம் நாட்டின் முதல் கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் 1888-ல் இதே நாளில் பிறந்தார். பள்ளிக்கூடமே போகாத அவர், நாம் எல்லோரும் படிக்க வழி செய்தார். 1918-ல் இதே நாளில்தான் முதல் உலகப்போர் நின்றது. அதில் நம் நாட்டு வீரர்கள் ஏறத்தாழ 74,000 பேர் உயிரிழந்தார்கள். தென்கொரியாவில் இன்று உழவர் நாள். சீன எழுத்தில் பத்தையும் ஒன்றையும் சேர்த்தால் 'மண்' என்று வரும். அது எப்படி என்று கரும்பலகையில் போட்டு வைத்திருக்கிறேன், வகுப்புக்குப் போகும்போது பார்த்துக்கொண்டே போங்கள்."

மௌனம் அனுசரிக்க விரும்பினால் காலைக் கூட்டத்தில் வேண்டாம். லண்டனில் காலை 11 மணி ஆகும்போது நமக்கு மாலை 4.30. 1918-ல் துப்பாக்கிகள் ஓய்ந்த நொடியும் நம் கடிகாரப்படி அதேதான். உங்கள் பள்ளியில் கடைசி மணி ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் அடிக்கும். நாட்டுப்பண் பாடி முடித்து, பையைத் தோளில் மாட்டியதும், பிள்ளைகளை இரண்டு நிமிடம் அப்படியே நிற்கச் சொல்லுங்கள்.